ரிவர்ஸ் போகாத குதிரை

எனக்கு எண்பத்து நாலு முடிந்து ஐந்து நடக்கிறது. ஐந்து பெற்றேன், ஐந்தையும் வளர்த்தேன். முதலில் மூன்று பெண், பிறகு இரண்டு ஆண். இதற்கு நடுவில் ஒரு ஜீப்பும் எங்கள் வீட்டில் இருந்தது. கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். அதன் குணம் அறிந்து வைத்திருந்தவள் நான்.

பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம். நான் ஜீப்பு ஓட்டினவள் என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தார் ரோட்டில் ஒரு நாள்கூட நான் ஓட்டியதில்லை. நான் ஓட்டியதெல்லாம் கண்மாய், ஓடை, சரளைமேடு, கருவைக்காடு. ரோடு போட்டுக் கொடுத்தால் யார்தான் ஓட்ட மாட்டார்கள்?

நயா பைசா வந்த புதிது அது. எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்குக் கிழக்கே. என் வீட்டுக்காரர் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். ஊருக்குத் திரும்பிச் சில வருஷம் விவசாயம் பார்த்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஜீப்பு ஒன்றை எங்கோ ஏலத்தில் எடுத்து ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். மேலே கூரை கிடையாது. ஸ்டேரிங் இடது பக்கம் இருந்தது. வெள்ளைக்காரன் எதையும் இடது கையாலேயே செய்வான் போல என்று என் மாமியார் சொன்னார்கள். அதில் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு கறம்பக்குடிச் சந்தைக்குப் போவார்.

வந்த இரண்டாம் வருஷமே அதன் பாட்டரி செத்துப்போனது. அப்புறம் கண்மாய்க் கரையில் சரிவாக நிறுத்தி, உருட்டிவிட்டுத்தான் கிளப்பவேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றவேண்டும். சுற்றும்போது பெருவிரலை வளைத்துப் பிடிக்கக் கூடாது, எஞ்சின் திருப்பி உதைத்தால் கை போய்விடும் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் பாடம் சொல்வார்.

இனி குதிரைக்கு வருகிறேன். என் மூன்றாவது மகள் மூன்று வயது வரை நடக்கவில்லை. தவழும், சுவரைப் பிடித்து நிற்கும், கையை விட்டால் உட்கார்ந்துவிடும். பார்க்காத வைத்தியமில்லை. கடைசியில் எங்கள் ஐயனாரிடம் நின்று, "எம்மக நடந்தா அவ பேருக்கு ஒரு மண் குதிரை எடுக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். தை மாதம் ஒரு கோழியை விரட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். ஆக அந்த வைகாசியில் குதிரை எடுக்கவேண்டும்.

எங்கள் பக்கம் புரவி எடுப்பு என்பது பெரிய விசேஷம். நேர்ந்துகொண்டவர்களின் மண் குதிரைகளை வேளார் செய்து சூளை வைத்துச் சுட்டு, வண்ணம் பூசி நிறுத்தியிருப்பார். அவர் வீட்டிலிருந்து ஐயனார் கோயில் வரை அவற்றை ஆட்கள் தோளில் சுமந்து போகவேண்டும். கோயில் காட்டுக்குள் இருக்கிறது. பாதை கண்மாய்க்குள் இறங்கி, சரளைமேடு ஏறி, மணல் ஓடை தாண்டிப் போகும். கோயிலில் குதிரையை இறக்கும்போது, அது யார் பேருக்கு நேர்ந்ததோ அந்தப் பேரை வேளார் உரக்கக் கூப்பிடுவார். அந்தப் பேரில்தான் குதிரை காலத்துக்கும் அங்கே நிற்கும்.

திருவிழாவுக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போது என் வீட்டுக்காரர் ஜீப்பை ஹேண்டில் போட்டுச் சுற்றினார். ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர் அன்று பெருவிரலை வளைத்துத்தான் பிடித்திருந்தார். எஞ்சின் ஒரு உதை உதைத்தது. மணிக்கட்டு இரண்டாகப் போய்விட்டது. இலுப்பூரில் எலும்பு கட்டுகிறவரிடம் போய் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளையில் துணி நனைத்துச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு மாதம் கை அசையக் கூடாது என்றார்களாம்.

குதிரை தூக்க எங்கள் வீட்டில் இருந்த ஆம்பளை அவர் ஒருத்தர்தான். மறுநாளே என் கொழுந்தனார், அதாவது அவருடைய தம்பி, வந்து முற்றத்தில் நின்றார்.

"மதினி, நாங்க பங்காளிக எட்டுப் பேரு இருக்கோம். குதிரையத் தூக்குறது ஒரு காரியமா? கவலைய விடுங்க. ஆனா ஒண்ணு."

"என்ன ஒண்ணு?"

"பொட்டப்புள்ள பேரச் சொல்லி வேளாரு கூப்புட்டா சுத்துப்பட்டு ஊர்க்காரன் சிரிப்பான். நம்ம குடும்பத்துல ஆம்பளப்புள்ள எம்மவன் இருக்கான்ல. அவன் பேரச் சொல்லிக் கூப்புடட்டும்."

"நடந்தது எம்மக. நேந்துக்கிட்டது நானு. ஒங்க மகன் பேரு எங்கிட்டு நடுவுல வந்துச்சு தம்பி?"

"அவன் ஒம்போதாம் மாசமே நடந்தவன் மதினி."

"அப்பறம் அவனுக்கு எதுக்குக் குதிரை? நடந்தே போகச் சொல்லுங்க."

கொழுந்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப ஒங்க குதிரைய நீங்களே தூக்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. மகன் பேரில் ஒரு குதிரை நிற்கவேண்டும் என்கிற ஆசை. ஆசை இருந்தால் அவர் ஒரு குதிரை நேர்ந்திருக்க வேண்டியதுதானே. என் மகளுடையதுதானா கிடைத்தது?

நான் கயிற்றுக் கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரரிடம் போனேன்.

"என்னங்க, அந்த ஜீப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க."

சிரித்தார். சிரித்ததில் கை வலித்தது. "ஏ புள்ள, அது மாடில்ல."

"தெரியுது. மாடு எசமான் கைய ஒடைக்காது."

சரி என்று தலையாட்டினார். எனக்குக் கல்யாணத்துக்கு முந்தியே இரட்டை மாட்டு வண்டி ஓட்டத் தெரியும். அதை வைத்து, இதுவும் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அங்கேதான் பிசகு.

முதலில் வேளாரிடம் கேட்கப் போனேன். அவர் என் குதிரைக்குக் கழுத்து வைத்துக்கொண்டிருந்தார். "ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போலாமா?" என்றேன். மண் கையோடு வெகுநேரம் யோசித்தார்.

"எங்க அப்பாரு காலத்துல ஜீப்பு கெடையாது. அதனால கூடாதுன்னும் அவரு சொல்லல. எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டுதான் ஆத்தா. குதிரை தரையில படப்படாது. கெளம்புன குதிரை பின்னுக்குப் போகப்படாது. ஒரு அடி பின்னுக்குப் போனாலும் அது திரும்புன குதிரை. நான் பேரு கூப்புட மாட்டேன். அப்பறம் அடுத்த வருசந்தான்."

நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, ரிவர்ஸ் படிக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ரிவர்ஸ் இல்லாம காட்டுக்குள்ள வண்டி ஓட்டுறதா? மண்ணுல மாட்டுனா பின்னால எடுத்துத்தான் புள்ள வெளிய வரணும். பட்டாளத்துல எங்களுக்கு..."

"பட்டாளத்துலதான் பின்வாங்குவாக. நம்ம வேண்டாம்."

கண்மாய் வறண்டு, தரை வெடித்துக் கிடந்தது. அதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். காலோ இரண்டு, மிதிகளோ மூன்று. நடுவில் பெரிய குச்சி ஒன்று, பக்கத்தில் சின்னக் குச்சி இரண்டு. பெரிய குச்சி கியர். சின்னதில் ஒன்றைப் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்றார். "ரெண்டு மாட்டோட இன்னொரு சோடி பூட்டுற மாதிரி" என்று எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். இன்னொன்று எதற்கு என்று சொல்லும்போது நான் ஒரு நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரைச் சரிவில் உருண்டு எஞ்சின் கிளம்பியதும், "ஹை, ஹை" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. நிறுத்த வேண்டிய இடத்தில் "ஓவ், ஓவ்" என்று ஸ்டேரிங்கை நெஞ்சுக்கு நேராக இழுத்துப் பிடித்தேன். மாடாக இருந்தால் நின்றிருக்கும். ஜீப்பு நேரே சூரைமுள்ளுக்குள் போய்த்தான் நின்றது. என் வீட்டுக்காரர் ஒடியாத கையாலும் முள் எடுக்க முடியாமல், நான்தான் எடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் இன்னொன்று செய்தேன். இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை. கண்மாய்க்குள் மாட்டு வண்டித் தடம் ஒன்று போகும். வருஷக்கணக்காகச் சக்கரம் ஓடி, இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்த தடம். வண்டியை அந்தத் தடத்தில் விட்டால் மாடு தானாக வீடு போய்ச் சேரும். நான் கயிற்றைத் தளரவிட்டு அரிசி புடைத்த கதையெல்லாம் உண்டு. அதே நினைப்பில் ஜீப்பைத் தடத்தில் இறக்கிவிட்டு, ஸ்டேரிங்கை விட்டுவிட்டுக் கொண்டையை அவிழ்த்து முடிந்தேன். ஜீப்பின் இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி குறைச்சல் என்பது எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் பள்ளத்தில், மறுபக்கம் நடுமேட்டில். நொண்டி ஆடு மாதிரி சாய்ந்துகொண்டே போய்க் கண்மாய்ச் சேற்றுக் குழியில் இறங்கியது. ஊரில் எல்லாமே காய்ந்து கிடக்கும்போது, எருமை படுக்கிற அந்த ஒரு குழியில்தான் தண்ணீர் இருந்தது.

"தடத்த விட்டு வெளிய ஓட்டுன்னு தொண்ட கிழியக் கத்துறேன், நீ கொண்ட போடுறியே புள்ள!"

"மாடுன்னா போயிருக்கும்ங்க."

"அது மாடில்லன்னு எத்தன தடவ சொல்றது?"

அன்றோடு அவர் என் பக்கத்தில் உட்கார்வதை விட்டுவிட்டார். கரைமேல் நின்று துண்டைக் காட்டினார். துண்டு மேலே போனால் போகவேண்டும், கீழே வந்தால் நிற்கவேண்டும். ஆனால் வைகாசி வெயில். அதே துண்டில் அவர் முகத்தையும் துடைப்பார். அவருக்கு வேர்க்க வேர்க்க நான் நின்று நின்று போனேன்.

நான் நல்லபடியாகப் பழகியது அவர் கத்தியதால் இல்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, எனக்கே ஒன்று பட்டது. உழப்போகிற வயலை முதலில் நடந்து பார்ப்போம் அல்லவா? அதேபோல விடியற்காலையில் சாணிக்கூடையோடு கிளம்பி, வேளார் வீட்டிலிருந்து கோயில் வரை வெறுங்காலில் நடந்தேன். எங்கே களி, எங்கே சரளை, எங்கே மேலே காய்ந்து உள்ளே பொதபொதவென்று இருக்கிற உவர் என்று கால் சொல்லிவிடும். சரளையில் மெதுவாகப் போகவேண்டும், மணலில் நிற்கவே கூடாது, வரப்பில் நேராக ஏறக் கூடாது, கோணலாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றவேண்டும். இதெல்லாம் நானே கண்டது. அவருக்கு வண்டி தெரியும், எனக்கு மண் தெரியும். இரண்டும் தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் இந்தக் கதையே இருக்காது.

குதிரை உடையாமல் போகவேண்டுமே. அதற்கு ஒரு பரீட்சை வைத்தவர்கள் என் மாமியார். ஜீப்பின் பின்பக்கம் வைக்கோல் பரப்பி, ஆறு பழைய மண்பானையில் தண்ணீர் நிரப்பி வைத்து, நடுவில் அவர்களே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். வெற்றிலைச் சுருக்குப் பையைக் கையில் வைத்தால் பானையைப் பிடிக்க முடியாது என்று, எட்டி, கியர் பக்கத்துச் சின்னக் குச்சிகளில் ஒன்றில் மாட்டிவிடுவார்கள். அதுதான் அதற்கு இடம் என்று ஆகிவிட்டது.

முதல் நாள் ஆறும் உடைந்தது. மாமியார் தலையிலிருந்து கால் வரை நனைந்து இறங்கினார்கள்.

"நீ ஓட்டுனா வேளாருக்குத்தான் யாவாரம் நல்லா நடக்கும்."

"ஒங்களுக்கு அடி கிடி பட்டுச்சா அத்தே?"

"நான் கெடக்கேன். பானைதான் குதிரை. அதக் கேளு."

அடுத்த வாரம் மூன்று உடைந்தது. அதற்கடுத்து ஒன்று. திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆறும் நின்றது, தண்ணீர்கூடச் சிந்தவில்லை. மாமியார் இறங்கி, ஒவ்வொரு பானையையும் தட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்கள். அந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த "ம்" ஒன்றுதான் அவர்களிடம் நான் வாங்கிய பாராட்டு.

பாதையில் ஒரே ஒரு இடம்தான் எனக்குப் பயம். ஓடை. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரை, நடுவில் ஒரு வண்டி மட்டுமே போகிற அகலம், கீழே சர்க்கரை மாதிரி மணல். அதில் வலது ஓரமாக ஒரு கெட்டி வரி இருப்பதைக் காலால் கண்டுபிடித்திருந்தேன். திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் போய், அந்த வரி நெடுக வேப்பங்குழையாக ஒடித்து நட்டுவிட்டு நிம்மதியாக வந்தேன்.

திருவிழா நாள் பிற்பகல். வேளார் வீடு கரையை ஒட்டித்தான். ஜீப்பைச் சரிவில் நிறுத்தி, அவர் வீட்டு ஆட்கள் நாலு பேர் குதிரையைத் தரையில் படாமல் அப்படியே தூக்கி வைக்கோலில் நிறுத்தினார்கள். வெள்ளைக் குதிரை, சிவப்புச் சேணம், நெஞ்சில் மணி மாலை. அதன் மூக்கு என் தோளுக்கு மேலே வந்து நின்றது. நான் எப்படி ஓட்டுகிறேன் என்று பார்க்கிற மாதிரியே இருந்தது. மாமியார் பின்னால் ஏறிக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சுருக்குப் பையை அதன் இடத்தில் மாட்டினார்கள்.

முன்னால் மேளம். அடுத்து, இடது கையில் துண்டோடு என் வீட்டுக்காரர். அடுத்து நான். எனக்குப் பின்னால் ஊர்ப் பொதுக் குதிரை. அதை எட்டுப் பேர் தோளில் சுமந்து வந்தார்கள். சுமக்கிற மூங்கிலின் முன்கொம்பில் என் கொழுந்தனார். அதற்குப் பின்னால் வேளார், ஈரக் களிமண் சட்டியோடு. அதற்குப் பின்னால் ஊரும், ஒன்பதாம் மாதத்தில் நடந்த பிள்ளையும்.

கண்மாயைத் தாண்டினேன். சரளைமேடு ஏறினேன். பெண்டுகள் குலவை போட்டார்கள். ஓடைக்குள் இறங்கிப் பார்க்கிறேன், என் வேப்பங்குழை ஒன்றைக்கூடக் காணோம். மணலில் ஆட்டுக் குளம்பாகக் கிடக்கிறது. ஆடு தின்கிற குழையை அடையாளத்துக்கு நட்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கெட்டி வரி எது என்று தேடுவதற்குள் பின்சக்கரம் இரண்டும் மணலுக்குள் இறங்கிவிட்டது. மிதித்தால் சுற்றுகிறது, மணல் பறக்கிறது, வண்டி நகரவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் கதை முடிந்தது. அந்த ஹேண்டிலைத் தொட ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது.

இதில் பெரிய வேடிக்கை எனக்குப் பின்னால். ஊர்க் குதிரையைச் சுமந்தவர்களுக்கு என்னைத் தாண்டிப்போக வழியில்லை. குதிரையைக் கீழே வைக்கவும் முடியாது, பின்னால் போகவும் முடியாது. சட்டம் எல்லாக் குதிரைக்கும் ஒன்றுதானே. எட்டுப் பேரும் வெயிலில், சுமையோடு நட்டுவைத்தது போல நின்றார்கள்.

"மதினி, என்ன நின்னுட்டீங்க?"

"மணல் தம்பி."

"பின்னால எடுத்து வாங்க!"

"பின்னால போகப்படாதுன்னு வேளாரு சொல்லியிருக்காக. கேட்டுப் பாருங்க, ஒங்களுக்குப் பின்னாலதான் நிக்கிறாக."

வேளார், "போகப்படாது" என்று மட்டும் சொன்னார்.

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பிறகு பின்னாலிருந்து ஒவ்வொருவராக முனக ஆரம்பித்தார்கள். "மாமோய், தோளு எறங்குது." "யாராவது கை மாத்துங்கப்பா." கொழுந்தனார் தன் கொம்பைப் பக்கத்து ஆளிடம் மாற்றிவிட்டு ஜீப்பு ஓரமாக வந்தார். வேர்வையில் நனைந்திருந்தார்.

"மதினி, தள்ளிவிட்டா போயிருமா?"

"போகும். எல்லாரும் தள்ளணும்."

"அப்ப தள்ளுறோம்."

"பொறுங்க தம்பி. யாரு பேருக்குப் போற குதிரையத் தள்ளுறீக? தெரிஞ்சுக்கிட்டுத் தள்ளுங்க."

"இது பேசுற நேரமா மதினி?"

"எனக்கு நேரம் கெடக்கு. நான் உக்காந்துக்கிட்டுல்ல இருக்கேன்."

பின்னால் ஒருவர், "யோவ், சம்மதம்னு சொல்லித் தொலையும்யா, முதுகு போகுது!" என்று அலறினார். என் மாமியார் குதிரைக் கழுத்தை விடாமலே, "சொல்லுடா. ஓம்பொண்டாட்டி பேரையா கூப்புடச் சொல்றா?" என்றார்கள்.

"சரி, ஒம்மக பேரையே கூப்புடட்டும். ஊரறியச் சொல்றேன். நீ போ மதினி, போ!"

கல்யாணமான நாளிலிருந்து என்னை "நீங்க" என்று சொன்ன மனுஷன் அன்றுதான் "நீ" என்றார். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். முன் சக்கரத்துக்கு என்று ஒரு சின்னக் குச்சி இருந்தது அல்லவா? அதை நான் போடவே இல்லை. அதில் மாமியாரின் சுருக்குப் பை தொங்கியதால் என் கண்ணுக்கு அது குச்சியாகவே தெரியவில்லை. பை மாட்டுகிற ஆணியாகத்தான் தெரிந்தது. முன்னால் வழியில் நின்று என் வீட்டுக்காரர், "சின்னக் குச்சி, சின்னக் குச்சி" என்று துண்டை வீசிக் கத்தியபோதுதான் நினைவு வந்தது. அது எப்போது என்று கேட்டால், கொழுந்தனார் சம்மதம் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால். நினைவு வந்ததும் உடனே போட்டிருக்கலாம். நான் போடவில்லை. அவர் சொல்லி முடிக்கட்டும் என்று இருந்தேன்.

குதிரை சுமக்காதவர்களெல்லாம் வந்து தள்ள ஆரம்பித்ததும் பையை எடுத்து மாமியார் மடியில் போட்டுவிட்டுக் குச்சியைத் தள்ளினேன். ஜீப்பு ஒரு துள்ளுத் துள்ளியது பாருங்கள். தள்ளிய அத்தனை பேரும் மணலில் குப்புற விழுந்தார்கள். வழியில் நின்ற என் வீட்டுக்காரர் இரண்டாம் தடவையாகச் சூரைமுள்ளுக்குள் குதித்தார். மேளக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் கரையேறினார்கள். நான் ஓடையை விட்டு வெளியே வந்து, காட்டுப் பாதையில் போய், கோயில் பொட்டலுக்கே வந்துவிட்டேன்.

வந்தால் அங்கே ஒரு சனம் இல்லை. மேளம் ஓடைக்குள், வேளார் ஓடைக்குள், பேர் கூப்பிட ஆளில்லை. பொட்டலும் மணல். நின்றால் இறங்கிவிடும், எஞ்சின் நின்றால் கிளம்பாது, பின்னால் எடுக்கவும் கூடாது. மணலில் நிற்காதே என்று நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம் வேறு. அதனால் கோயிலைச் சுற்றினேன். பழைய குதிரைகளெல்லாம் வரிசையாக நின்று பார்க்க, சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"மூணு சுத்து போதும்டி!" என்றார்கள் மாமியார்.

"நிறுத்துனா எறங்கிரும் அத்தே."

"எனக்குத் தலை சுத்துது."

"சாமியத்தான சுத்துறோம், புண்ணியம்தான் அத்தே. கழுத்த விட்டுறாதீக."

"கழுத்து இருக்கு. காதுதான் கையோட வந்துருச்சு."

ஓடையில் துள்ளியபோது குதிரையின் வலது காது பெயர்ந்து அவர்கள் கையில் வந்திருக்கிறது. சத்தம் போடாமல், அதை அதன் இடத்திலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பதினோரு சுற்று முடிந்து பன்னிரண்டாவது நடக்கும்போது ஊர் வந்து சேர்ந்தது. மூச்சு வாங்க, மணல் முகமாக, முதலில் ஓடி வந்தவர் கொழுந்தனார். பிரேக்கை மிதித்துக் கிளச்சிலிருந்து காலை எடுத்தேன். ஜீப்பு இருமி நின்றது.

ஜீப்பிலிருந்து சன்னதிக்குப் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியும் என் குதிரையைத் தோளில் சுமந்தவர்கள் கொழுந்தனாரும், ஊர்க் குதிரையை இறக்கிவிட்டு வந்த அவருடைய ஆட்களும்தான். மாமியார் காதைப் பிடித்தபடியே கூட நடந்தார்கள். வேளார் பார்த்தார். சட்டியிலிருந்து ஒரு விரல் களிமண் எடுத்து, மாமியார் கையை மெல்ல நகர்த்தி, ஒட்டித் தடவிவிட்டார்.

"குதிரைன்னா காது ஆடத்தான் செய்யும்" என்றார். "ரிவர்ஸ் போச்சா?"

"ஒரு விரக்கடை போகல" என்றேன்.

அவர் ஐயனார் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் மகள் பேரை உரக்கக் கூப்பிட்டார். மூன்று தடவை. அவள் அப்போது கூட்டத்துக்குள் தன் காலால் நடந்து வந்து, யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று, "என்னா?" என்று கேட்டாள். ஊர் சிரித்தது. கொழுந்தனார் சொன்ன மாதிரியே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் அவரும் இருந்தார். அவளைத் தூக்கிக் குதிரையைக் காட்டியவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த ஜீப்பை ஓட்டினேன். உழவுக்கு எரு கொண்டுபோனேன், கடலை மூட்டை ஏற்றி ரோடு வரை கொண்டுவந்து அவரிடம் ஒப்படைத்தேன். ரிவர்ஸ் மட்டும் கடைசி வரை படிக்கவில்லை. திரும்பவேண்டும் என்றால் வயலைச் சுற்றி வருவேன். ஜீப்பு போய்விட்டது, என் வீட்டுக்காரரும் போய்விட்டார். குதிரை நிற்கிறது, காதோடு.

இந்தா ஆத்தா, ஒன்னத்தான், இந்த நோட்டை வாங்கு. கோழியை விரட்டி நடந்த ஒங்க அம்மா கதைதான் இது. எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும், கூட்டிப் படி. எங்கேயாவது விட்டிருக்கிறேனா என்று நான் கேட்கவேண்டும். முதலிலிருந்து வாசி. வேளார் பேர் கூப்பிடுகிற இடத்தை நன்றாகச் சத்தமாக வாசி. சின்னக் குச்சி வருகிற இடத்தை மட்டும் மெதுவாக வாசி, ஒங்க சின்னத் தாத்தா, அதான் என் கொழுந்தனார், வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். இல்லை, வேண்டாம். அவருக்குக் காது மந்தம். அதையும் சத்தமாகவே வாசி.